செருப்புகள் வீடு திரும்பிய வருஷம்

சாந்துப்பேட்டையில் செருப்புகள் வீடு திரும்பத் தொடங்கிய வருஷத்தில் முதலில் நடந்துபோனவன் ஒரு கல்யாண மாப்பிள்ளை. பெயர் ஞானசிகாமணி. மின்வாரியத்தில் லைன்மேன், எந்தக் கம்பத்தின் உச்சியில் நின்றாலும் கால் நடுங்காதவன் என்று பேர் வாங்கியவன். அந்தக் கால்தான் ஜனவரி மாதத்து ஒரு வியாழக்கிழமை காலை பத்தே காலுக்கு, பாஸ்டர் ஜெபம் பண்ணித் தாலியை அவன் கையில் கொடுக்க நீட்டிய நேரத்தில், அவனைக் கேட்காமலேயே திரும்பி, இரண்டு பக்கமும் பட்டுச்சேலைகள் நிறைந்திருந்த பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து, சர்ச் வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கிவிட்டது.

பாலாற்றில் தண்ணீரைவிட மணல் அதிகமாக இருக்கும் இடத்தில் இருந்தது அந்த ஊர். ஒரு முனையில் லாரி லாரியாகப் பச்சைத்தோல் வந்து இறங்கும், மறுமுனையில் அட்டைப்பெட்டிகளில் ஷூ ஏறிப்போகும், இரண்டுக்கும் நடுவே இருந்தவர்களின் மூக்குக்குத் தோல்நாற்றம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. மணப்பெண் சுகிர்தா அங்கே ஷூ கம்பெனியில் தோல் பார்க்கிறவள். பதப்படுத்திச் சாயம் ஏற்றிய தோலை மேசைமேல் விரித்து உள்ளங்கையால் தடவுவாள். உண்ணி கடித்த புள்ளி, சாட்டை விழுந்த கோடு, சூடு போட்ட எழுத்து, எது கைக்குத் தட்டுப்பட்டாலும் அதைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவாள். வட்டத்துக்குப் பெயர் டிஃபெக்ட். வட்டத்தை விட்டுவிட்டு மற்றவர்கள் வெட்டிக்கொள்வார்கள். ஒன்பது வருஷமாக வட்டம் போட்டவள், வட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று யோசித்ததில்லை. யோசித்துக்கொண்டு நின்றால் அன்றைய தோல் தீராது.

மாப்பிள்ளையின் ஷூவை அவளேதான் தைத்தாள். நல்ல எருமைத்தோல், எண்ணெய் குடித்த மாதிரி கறுப்பு. தையல் பிரிவில் இருந்த நசீமாக்கா மதியச் சாப்பாட்டு நேரத்தில் மிஷினை விட்டுக்கொடுத்து, "புருஷன் காலுக்கு நீயே தச்சா அவன் எங்கேயும் போகமாட்டான்டி" என்று கேலி பண்ணினாள். அந்தத் தோலில் அரைநிலா போல ஒரு வடு இருந்தது. தோல் அவ்வளவு நன்றாக இருந்ததால் தூக்கிப்போட மனம் வராமல், வடு யார் கண்ணிலும் படாதபடி இடது குதிங்காலின் உட்பக்கமாக வருவதுபோல் சுகிர்தா வெட்டித் தைத்திருந்தாள்.

இப்போது அந்த ஷூ நடந்தது. சர்ச்சுக்குள் ஒரே கூச்சல். "வேற எவளோ இருக்கா, அதான் ஓடறான்" என்று பெண்ணின் அண்ணன் சட்டைக் கையை மடித்தான். மாப்பிள்ளையின் அம்மா பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டாள். தெருவிலிருந்து ஞானசிகாமணியின் குரல் மட்டும் கேட்டது.

"சுகிர்தா! நான் போகல! காலு போகுது!"

அவள் வெள்ளைச்சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அவன் முன்னால் குனிந்து, அவன் நடக்க நடக்கப் பின்புறமாகவே நகர்ந்து, லேஸை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. அவனே கம்பிக்கட்டரைப் பிடித்துப் பழகிய கைகளால் இழுத்துப் பார்த்திருந்தான், நகம் பிய்ந்ததுதான் மிச்சம். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். பயந்திருந்தான், ஆனால் பொய் சொல்கிற முகமாக இல்லை.

"எங்க போகுதுன்னு தெரியுதா?"

"தெரியல. ஆனா அதுக்குத் தெரியுது."

"அப்ப நானும் வரேன்" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்படித்தான் அந்தக் கல்யாணம் கிளம்பியது. கோட்டு சூட்டுப் போட்ட மாப்பிள்ளையும், தலையில் வலைத்துணி பறக்கும் பெண்ணும் முன்னால். தாலியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை முதல் கியரிலேயே ஓட்டிவந்த பாஸ்டர் அவர்களுக்குப் பின்னால். அவருக்கும் பின்னால் சொந்தக்காரர்களின் வேன். பிரியாணிக் கடைகளைத் தாண்டி, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, நான்குவழிச் சாலையில் லாரிகள் ஹாரன் அடிக்க அடிக்கக் குறுக்கே இறங்கி, கரும்புத் தோட்டத்து வரப்புகளில் ஏறி அவர்கள் போனார்கள், வேன் மட்டும் சாலை வழியாகச் சுற்றி வந்தது. வாரச்சந்தை மேட்டைக் கடக்கும்போது மட்டும் ஞானசிகாமணியின் கால்கள் ஓட்டம் பிடித்தன, கண்கள் இரண்டும் மிளகாய் பட்டதுபோல் எரிந்து நீர் கொட்டின. லாரியில் மூச்சுமுட்ட ஏற்றிய மாடு படுத்துவிடக் கூடாது என்பதற்காகக் கண்ணில் மிளகாய் தேய்க்கிறவர்கள் உண்டு என்பது அவனுக்கு அப்போது தெரியாது. "இந்த எடம் வேணாம், இந்த எடம் வேணாம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே ஓடினான்.

மேட்டைத் தாண்டியதும் நடை தணிந்தது. மலையடிவாரத்தில் ஏரிப்புதூர் என்ற சின்ன ஊர். அந்த வருஷம் மழை பெய்திருந்ததால் ஏரியில் தண்ணீர் நின்றது. ஷூ கரையில் தயங்கவே இல்லை. கோட்டோடும் டையோடும், சட்டைப்பையில் குத்திய ரோஜாப்பூவோடும் ஞானசிகாமணி ஏரிக்குள் இறங்கி, இடுப்புவரை போய், மார்புவரை போய், கழுத்துவரை போய் நின்றான். நின்று ஒரு பெருமூச்சு விட்டான். அது அவன் நெஞ்சுக்குள்ளிருந்து வந்த மூச்சாக இல்லை; பெரிய நெஞ்சு எதிலிருந்தோ, பல மாதம் அடக்கிவைத்திருந்து வெளியே வந்த மூச்சாக இருந்தது. கரையில் நின்ற சுகிர்தா அவன் முகத்தில் அப்படி ஒரு சுகத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. வேனிலிருந்து இறங்கிய அண்ணன்கூட மடித்த சட்டைக் கையைக் கீழே இறக்கிவிட்டான்.

அரைமணி நேரம் ஊறிவிட்டு, நீர் சொட்டச் சொட்ட ஷூ கரையேறியது. ஊருக்குள் நுழைந்து, இரண்டாவது சந்தில் திரும்பி, ஓர் ஓட்டுவீட்டின் பின்னாலிருந்த மாட்டுக்கொட்டகைக்குள் போனது. நுழைகிற இடத்து வேப்பங்கம்பத்தில் ஞானசிகாமணியின் இடது தோள் தானாகப் போய் இரண்டு தரம் உரசியது. கோட்டின் தையல் விட்டது. பிறகு மூலையிலிருந்த காலி முளைக்குச்சியின் பக்கத்தில் போய் நின்றான். லேஸ் இரண்டும் தானாக அவிழ்ந்து விழ, அவன் கால்களை உருவிக்கொண்டான்.

வீட்டுக்காரி பச்சையம்மா கையில் தவிட்டு வாளியோடு அப்படியே நின்றாள். அவளைத் திகைக்கவைத்தது முன்பின் தெரியாத ஆள் ஒருவன் ஈரக்கோட்டோடு கொட்டகையில் நிற்பதல்ல. வேப்பங்கம்பம்.

"இடது பக்கம் ரெண்டு தரம்" என்றாள் மெதுவாக. "காத்தாயி."

கட்டுத்தறியில் இருந்த, இப்போது கொம்பு முளைத்து வளர்ந்துவிட்ட காத்தாயியின் கன்று கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து ஷூவை முகர்ந்து நக்கத் தொடங்கியது. பச்சையம்மா உட்கார்ந்து இடது ஷூவைக் கையில் எடுத்தாள். திருப்பினாள். குதிங்காலின் உட்புறத்தில் விரல் நின்றது.

"இது முள்கம்பி கிழிச்சது. ரெண்டாம் ஈத்து சமயத்துல. நான்தான் மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சு பத்து நாளு பூசினேன்."

சுகிர்தாவுக்குத் தன் சாக்பீஸ் ஞாபகம் வந்தது. "அது டிஃபெக்ட்டுன்னு நெனச்சேன்மா" என்றாள். சொன்ன பிறகு அது எவ்வளவு அசட்டு வார்த்தை என்று தோன்றி அழுதாள்.

பச்சையம்மா அவளைப் பார்க்கவில்லை. வாசலில் வந்து நின்ற தன் புருஷனைப் பார்த்தாள். வேடியப்பன் நெட்டையான மனிதர். அந்த நேரத்தில் நிலைப்படிக்குள் எப்படி அடங்கி நிற்பது என்று தெரியாதவர்போல் நின்றார்.

"பண்ணையில வுட்டேன்னியே. பெரிய குளம் இருக்குது, பொழுதுக்கும் தண்ணியிலயே கெடக்குதுன்னியே. போன மாசம்கூட பார்த்துட்டு வந்தேன், சதை போட்டிருக்குதுன்னியே."

வேடியப்பன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். "பால் வத்திப்போச்சு. தீனிக்கு வழியில்ல. சந்தையில குடுத்துட்டேன். உன்கிட்ட சொல்ல வாய் வரல. சொல்லாம இருந்தா பழகிடும்னு நெனச்சேன். பழகல, பச்சை. தெனம் குளத்தை இன்னும் கொஞ்சம் பெருசாக்கிச் சொன்னேன். படுத்தா லாரி சத்தம்தான் கேக்குது."

அவர் கொட்டகைத் தரையில் உட்கார்ந்து, எட்டு மாதமாக அழாத அழுகையை அழுதார். பச்சையம்மா திட்டவில்லை, தேற்றவும் இல்லை. தவிட்டு வாளியைக் கன்றின் முன் வைத்தாள். அது தின்று முடித்ததும், "வந்துட்டா இல்ல, விடு" என்றாள். அது அவருக்குச் சொன்னதா தனக்கே சொன்னதா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அன்று ராத்திரி வேடியப்பன் விடியும்வரை புரளாமல் தூங்கினார் என்று பின்னால் அவளே சொன்னாள்.

வெறுங்காலோடு நின்ற ஞானசிகாமணி ஒரு காலைத் தூக்கிப் பார்த்தான். அடுத்த காலைத் தூக்கினான். இரண்டும் அவன் சொன்னபடி கேட்டன. அவன் நேராகச் சுகிர்தாவின் பக்கத்தில் வந்து நின்று, "பாஸ்டர் ஐயா, தாலி இருக்குதா?" என்றான்.

"இங்கேயேவா?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

பாஸ்டர் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். வைக்கோல், தீனி போடும் முன்னணை, பக்கத்தில் அசைபோடும் எருமை. "நம்ம ஆண்டவர் பொறந்த எடம்தானேம்மா" என்றார். பச்சையம்மா குத்துவிளக்கு எடுத்துவந்தாள். கல்யாண வீட்டார் வழக்கத்தில் அது இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் மற்ற செருப்புகளும் கிளம்பின. சாந்துப்பேட்டையில் தைத்த தோல்செருப்பு எதைப் போட்டாலும், அன்றோ மறுநாளோ அது வீட்டைத் தேடிப் போயிற்று. போக்குவரத்துப் போலீஸ்காரர் சிக்னலில் கையைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே நடந்துபோய் மூன்று தாலுகா தள்ளி ஒரு வைக்கோல்போரின் நிழலில் நின்றார். தலைமையாசிரியர் காலை வணக்கக் கூட்டத்திலிருந்து போனார். பல வருஷம் தேய்ந்த பழைய செருப்புகள் பாதி மறந்துவிட்டிருந்ததால் முச்சந்திகளில் நின்று யோசித்தன, போட்டிருந்தவர்களும் பொறுமையாக நின்றார்கள். பெல்ட்டுக்குக் கால் இல்லாததால் பெல்ட் போட்டவர்கள் தப்பினார்கள். ஏன் இப்படி ஆனது என்று முதல் வாரம் டீக்கடைகளில் பேசினார்கள். இரண்டாவது வாரத்தில், எந்த ஊருக்குப் போனாய், அங்கே சாப்பாடு போட்டார்களா என்றுதான் பேசினார்கள். பஸ் டிப்போவில், ஷூவோடு போய் வெறுங்காலோடு திரும்புகிறவர்களை எந்த நிறுத்தத்திலும் ஏற்றிக்கொள்ளும்படி அறிவிப்பு ஒட்டினார்கள். கிராமத்துக்காரர்கள் கொட்டகை வாசலில் ஒரு குடம் தண்ணீரும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் வைத்தார்கள். வந்தவர்களை முதலில் வெறித்துப் பார்த்தவர்கள், பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் வந்தவருடைய பெயராக இருக்காது. மாவட்டக் கருவூலத்தில் வேலை பார்க்கும் ஒரு பெரிய அதிகாரி, ஒரு கிழவி "செவலை, செவலை" என்று அழைத்துத் தன் கழுத்தைத் தடவிக்கொடுத்தபோது, தன் அம்மா இறந்தபிறகு யாரும் தன்னை அப்படித் தொட்டதில்லை என்று சொல்லி, மறுவாரமும் பஸ் ஏறி அங்கே போனாராம்.

ஆனால் ஊர் வாழ்ந்தது செருப்பால். கம்பெனி முதலாளி வாஜித் பாயையும் அவருடைய ஷூ ஒரு நாள் கூட்டிப்போனது, மலைமேல் ஒரு குடிசைக்கு. திரும்பி வந்தவர் வெறுங்காலோடு தன் அறைக்குள் போய் உட்கார்ந்தார். மறுநாள் கம்பெனி கேட் திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் திறக்கவில்லை. அறுநூறு பெண்கள் சாப்பாட்டு டப்பாவோடு வந்து கேட்டின் முன் உட்கார்ந்தார்கள்.

"மாடு வீட்டுக்குப் போச்சு, நல்லது. நாம எங்கடி போறது?" என்று நசீமாக்கா சுகிர்தாவிடம் கேட்டாள். புருஷன் இல்லாதவள், மூன்று பெண்பிள்ளைகளைத் தையல்மிஷினில் வளர்த்தவள். கோபம் நியாயமாக இருந்தது. ஒன்று மட்டும் சுகிர்தாவுக்குத் தெரிந்திருந்தது: தன் கை மறுபடி அந்தச் சாக்பீஸைப் பிடிக்காது.

நான்காம் நாள் அவளே போய் முதலாளியின் கதவைத் தட்டினாள். "பாய், தோல்தான் நடக்குது. தையல் நடக்கல. மிஷின் நடக்கல. எங்க கை இங்கதான் இருக்குது. வேற எதையாவது தச்சுப் பார்க்கலாமா?"

வாஜித் பாய் மேசைமேல் கிடந்த ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். கடல்தாண்டி ஒரு துறைமுக நகரத்தில் அவர்களிடம் ஷூ வாங்குகிறவர் எழுதியிருந்தார். அங்கேயும் ஷூக்கள் கிளம்பிவிட்டன. ஆனால் நடுவில் சமுத்திரம். போட்டவர்கள் எல்லாம் கப்பல்துறையின் ஓரத்தில் கிழக்கே பார்த்து வரிசையாக நின்றார்கள். அவரும் ஒரு முழு நாள் நின்றார். மனைவி வந்து கத்தரியால் ஷூவை வெட்டி எடுக்கும்போது, தனக்கு ஏனென்று தெரியாமல் அழுதாராம். இனிமேல் உயிரில்லாத எதை வைத்துத் தைத்தாலும் அனுப்புங்கள், தோல் வேண்டாம் என்று கடிதம் முடிந்திருந்தது.

"மூணு நாளா இதைப் படிச்சுக்கிட்டே இருக்கேம்மா. எதை வச்சுத் தைக்கிறதுன்னுதான் தெரியல."

முதலில் ரெக்சினில் தைத்தார்கள். கால் வெந்தது, இரண்டு வாரத்தில் மடிப்பில் வெடித்தது. இதை யாருக்கும் போடத் தரமாட்டேன் என்று நசீமாக்காவே வீசிவிட்டாள். பிறகு வாழைநாரில் நெய்த துணி வந்தது, மழையில் ஊதிப்போனது. கடைசியில் கனத்த பருத்தித்துணியை இரண்டடுக்காக வைத்து, நடுவில் ரப்பர்பால் பூசி, மேலே மெழுகு தேய்த்து, உள்ளங்காலுக்குத் தென்னைநார் மெத்தை வைத்துத் தைத்தார்கள். தோலில் போடும் ஊசி அதற்கு ஒத்துவராமல் நூல் அறுந்துகொண்டே இருந்தது. நசீமாக்கா ஒரு வாரம் மிஷினோடு சண்டை போட்டு ஊசியை மாற்றி, இழுவையைத் தளர்த்தி, வழிக்குக் கொண்டுவந்தாள். கோபமும் அந்த ஒரு வாரத்தில் எங்கோ போயிருந்தது.

யார் போட்டுப் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. ஞானசிகாமணி வந்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் ரப்பர் செருப்பைத் தவிர எதையும் காலில் மாட்டியதில்லை. கம்பெனி முற்றத்தில் அறுநூறு பேரும் சுற்றி நின்றார்கள். "பருத்திக்காட்டுக்குப் போயிடப்போகுது" என்று யாரோ சொன்னதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. சுகிர்தா லேஸைக் கட்டினாள். அவன் எழுந்து நின்று கண்ணை மூடிக்கொண்டான். ஒரு நிமிஷம். ஐந்து நிமிஷம். வாஜித் பாயின் உதடுகள் ஓசையில்லாமல் அசைந்துகொண்டிருந்தன.

"இன்னாங்க, எங்கயாவது போகணும்னு இருக்குதா?"

அவன் கண்ணைத் திறந்தான். "இருக்குது. டீ குடிக்கப் போகணும்னு இருக்குது."

அந்த முற்றத்தில் அப்போது எழுந்த சிரிப்பு, அழுகையும் விசிலும் கலந்த சிரிப்பு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டது. அவன் டீக்கடைக்குப் போனான், டீ குடித்தான், இன்னொன்றும் குடித்தான், தன் இஷ்டத்துக்குத் திரும்பி வந்தான். மறுநாள் கேட் திறந்தது.

ஏரிப்புதூரில் வேடியப்பன் இப்போதெல்லாம் கன்றை ஏரிக்கு ஓட்டிக்கொண்டு போய், அது தண்ணீரில் கிடக்கும் நேரம் முழுவதும் கரையில் உட்கார்ந்திருக்கிறார் என்று பச்சையம்மா போனில் சொன்னாள். "பால் வத்தினாலும் இது இங்கதான்னு அவரா சொல்லிக்கினாரு, நான் கேக்கல" என்றாள்.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. கிடங்கில் ஏற்கெனவே தைத்துப் பெட்டியில் அடுக்கிய தோல்ஷூக்கள். விற்க முடியாது. எரிக்கலாம் என்று சொன்னவர்கள் தீப்பெட்டி வரை போய்த் திரும்பிவிட்டார்கள். சுகிர்தாதான் சொன்னாள்: "நாமளே போட்டுக்கினு போய் விட்டுட்டு வந்துடலாம்."

வெள்ளிக்கிழமையும் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையும் இல்லாமல் ஒரு சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார்கள். விடிந்ததும் பெண்கள் கிடங்குக்கு வந்து, கைக்குக் கிடைத்த பெட்டியைப் பிரித்து, அளவு பெரிதோ சிறிதோ பார்க்காமல், பெரிதாக இருந்தால் துணியைத் திணித்து மாட்டிக்கொண்டார்கள். பெண்கள் போதாமல் அவர்களுடைய புருஷன்மார்களும், பிரியாணிக் கடைக்காரர்களும், பள்ளி ஆசிரியர்களும், பாஸ்டரும், பள்ளிவாசல் மோதினாரும் வந்தார்கள். ஒவ்வொரு ஜோடியாகக் கிளம்பியது. சிலர் ஆற்றைக் கடந்தார்கள், சிலர் மலையைப் பார்த்துப் போனார்கள், சிலர் ஆந்திர எல்லைப் பக்கம் திரும்பினார்கள். கூட்டம் விசிறிபோல் விரிந்து மெல்ல மெல்ல மறைந்தது.

சுகிர்தா கடைசியாக நின்றாள். மூலையில் ஒரு பெட்டி மிஞ்சியிருந்தது. திறந்தாள். கன்றுத்தோல், பூப்போல் மிருதுவானது. தடவிப் பார்த்தால் வடு, கோடு, புள்ளி எதுவும் இல்லை, எதுவும் படுவதற்கு நேரம் இருந்திருக்கவில்லை. மாட்டிக்கொண்டாள். ஷூ நகரவில்லை. வீடு எங்கே என்று அதற்குத் தெரியவில்லை போலிருந்தது. கால்கள் அங்குமிங்கும் இரண்டடி வைத்தன, நின்றன, மறுபடி வைத்தன.

அப்போது நசீமாக்கா கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தாள். அவள் காலில் இருந்தது கறுப்பு ஷூ, கனமான அடி. நாலடி போன ஷூ சட்டென்று நின்றது. நசீமாக்காவே முன்னால் சாய்ந்து விழப்பார்த்தாள். ஷூ திரும்பவில்லை, ஆனால் நின்றே இருந்தது, எதற்கோ காத்திருப்பதுபோல். சுகிர்தாவின் கால்கள் ஒரு துள்ளு துள்ளின. முற்றத்தைத் தாண்டி ஓடி, கேட்டைத் தாண்டி ஓடி, நசீமாக்காவின் இடுப்பில் போய் முட்டிக்கொண்டு நின்றாள்.

"அடியே, தள்ளாதே!"

"நான் தள்ளலக்கா."

நசீமாக்கா குனிந்து சுகிர்தாவின் காலைப் பார்த்தாள். தன் காலைப் பார்த்தாள். சுகிர்தாவின் தலைமேல் கையை வைத்தாள். கறுப்பு ஷூ நடக்கத் தொடங்கியது, முன்னைவிட மெதுவாக. வழியெல்லாம் சுகிர்தா பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு போனாள். புல் பார்த்த இடத்தில் பின்தங்கி, நாலு துள்ளலில் ஓடிச் சேர்ந்து, வெயில் ஏறியதும் நசீமாக்காவின் நிழலுக்குள் புகுந்து நடந்தாள். இருவரும் சிரித்தார்கள், கொஞ்ச தூரம் அழுதார்கள், வாய்க்காலில் நின்று தண்ணீர் குடித்தார்கள்.

மத்தியானம் தாண்டி ஒரு புளியமரத்தடியில், கூரை சரிந்து வெகுநாளாக ஆள் இல்லாத ஒரு கொட்டகைக்குள் கறுப்பு ஷூ போய் நின்றது. சுகிர்தாவின் ஷூ அதன் பக்கத்தில் ஒட்டி நின்றது. நான்கு லேஸும் ஒரே நேரத்தில் அவிழ்ந்தன. இருவரும் குனிந்து ஷூக்களை எடுத்து, பழைய வைக்கோல்மேல் பெரியதைச் சுவர்ப்பக்கமும் சின்னதை அதன் அணைப்பிலும் வைத்தார்கள். பிறகு வெளியே வந்து, வெறுங்காலில் மண் சுட, பஸ் வரும் பக்கமாகக் கைகோத்து நடந்தார்கள்.